முதிய நாயின் மூட்டு நோயும் மருந்துக்கொடையும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, அடைக்கலம், அறிவு எனக் கொடையை நால்வகையாக வகுத்தனர் சமணச் சான்றோர். அவற்றுள் மருந்துக்கொடைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பசித்த உயிருக்கு உண்ணத்தக்க எதை அளித்தாலும் பசி தணியும். நோயுற்ற உயிருக்கு ஏதேனும் ஒரு மருந்தை அளித்தால் நோய் தணிந்துவிடாது. சில வேளைகளில் பெருகவும் கூடும். ஆதலால் மருந்தைக் கொடுப்பவருக்கு இரக்கத்தோடு அறிவும் வேண்டும். பெறுவது வாய்பேசா உயிராயின் இந்தத் தேவை இருமடங்காகிறது. கொடுத்த மருந்து வலியைத் தணித்ததா, வயிற்றைப் புண்ணாக்கியதா என்று அது சொல்லாது.

அத்தகைய உயிர்களுள் மனிதனோடு மிக நெருங்கி வாழ்வது நாய். முதுமையில் மூட்டுகள் இறுகி, எழுவதற்கும் நடப்பதற்கும் துன்புறும் நாய்க்குக் குறைந்த செலவில் செய்யத்தக்கவை எவை, பணம் செலவழித்தும் பயன் சிறிதாக உள்ளவை எவை என்பதே இவ்வுரையின் பொருள்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணையை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் கோயிலால் பலரும் அறிந்த ஊர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் நின்று வணங்கிச் செல்லும் இடம். மீனும் உப்பும் ஆடும் பிழைப்பாக உள்ள இக்கரையில் நாய் இல்லாத தெரு இல்லை. ஆட்டுக்கிடையைக் காக்கும் நாய், கரையில் உலரும் வலைகளின் அருகே படுத்திருக்கும் நாய், தேநீர்க்கடை வாசலில் விழும் துண்டுக்குக் காத்திருக்கும் நாய் என்று அவை பலவாறு பிழைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நாட்டு நாய்கள். பத்து ஆண்டுகள் கிடையோடு ஓடிய நாய் ஒரு நாள் கிடைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. பின்தங்கிய நாயைத் தேடித் திரும்பி வருவோர் குறைவு.

இதே நோய் சென்னையிலும் மதுரையிலும் வணிகர் வீடுகளில் வேறு கோலத்தில் காணப்படுகிறது. அங்கே நாய்க்கு உணவுக் குறையில்லை. நெய்ச்சோறும் பண்டிகை இனிப்பும் தாராளமாகக் கிடைக்கின்றன. பளிங்குத் தரையில் கால் வழுக்குகிறது; மாடிப்படி ஏற முடிவதில்லை. வீட்டார் அன்புடையவர்கள், மருந்துக் கடைக்குச் சென்று விலையுயர்ந்த மூட்டு மாத்திரைப் புட்டியை வாங்கி வருகின்றனர். உப்பூர்க் கரை நாய்க்கு எதுவும் கிடைப்பதில்லை. நகரத்து நாய்க்குத் தேவையற்றது கிடைக்கிறது. இவ்விரண்டு நாய்களையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

முதலில் நோயின் இயல்பு. எலும்புகள் கூடும் இடத்தில் அவற்றின் முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது வழவழப்பானது, அதிர்ச்சியைத் தாங்குவது. வயது, பாரம், பழைய காயம், பிறவியிலேயே சரியாகப் பொருந்தாத இடுப்பு மூட்டு ஆகியவற்றால் அது தேய்கிறது. தேய்ந்த இடத்தில் அழற்சி தோன்றுகிறது. எலும்பின் ஓரங்களில் முட்கள் போன்ற வளர்ச்சி உண்டாகிறது. மூட்டை மூடிய உறை தடிக்கிறது. வலிக்கும் காலை நாய் குறைவாகப் பயன்படுத்துகிறது. அதனால் தசை மெலிகிறது. தசை மெலிந்ததும் மூட்டின்மேல் விழும் பாரம் இன்னும் கூடுகிறது. தேய்ந்த குருத்தெலும்பைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து எதுவும் இல்லை. வலியைக் குறைக்கலாம், தேய்வின் வேகத்தைத் தணிக்கலாம், நடமாட்டத்தைக் காக்கலாம். இந்த எல்லையை உணர்ந்தவரை எந்த விளம்பரமும் ஏமாற்றாது.

மூட்டு வலிக்கு நாய் பெரும்பாலும் குரைப்பதில்லை, ஊளையிடுவதும் இல்லை. வலியை மறைப்பது விலங்கின் இயல்பு. அதைக் கண்டறிய வேறு குறிகளைப் பார்க்க வேண்டும். காலையில் எழும்போது முன்னங்கால்களை ஊன்றி, பின்பகுதியை மெல்ல இழுத்து எழுதல். சிறிது நடந்தபின் இறுக்கம் தளர்தல். திண்ணையில் ஏறத் தயங்குதல். ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல். தொடையின் தசை வற்றுதல். முன்பு சாதுவாக இருந்த நாய் தொட்டதும் சீறுதல் ஆகியவை அக்குறிகள். 'வயதாகிவிட்டது, சோம்பல்' என்று வீட்டார் சொல்வது பல வேளைகளில் வலியின் வேறு பெயரே.

ஆயினும் நொண்டும் நாய் எல்லாம் மூட்டுத் தேய்வு உடையது அன்று. இராமநாதபுரச் சீமையில் எங்கும் பரவியிருப்பது சீமைக்கருவேலம். அதன் முள் பாதத்தில் ஏறி உள்ளேயே முறிந்திருந்தால் நாய் வாரக்கணக்கில் நொண்டும். எந்த மாத்திரையும் அதைத் தீர்க்காது. விரல்களின் இடுக்கைப் பிரித்துப் பார்த்து முள்ளை எடுத்தாலே தீரும். உண்ணியால் பரவும் காய்ச்சலும் மூட்டுகளில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும். சோர்வு, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் குருதி ஆகியவை இருந்தால் அது உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். வண்டி மோதிய பழைய முறிவு, வளைந்து வளர்ந்து சதையில் குத்தும் நகம் போன்றவையும் உண்டு. ஆகவே முதல் செலவு மாத்திரைக்கு அன்று. அரசு கால்நடை மருந்தகத்திற்கு நாயை ஒருமுறை அழைத்துச் செல்வதே முதல் செலவு.

இனி அந்தப் புட்டிகளைப் பார்ப்போர் அறிய வேண்டியவை. 'சப்ளிமெண்ட்' என்ற பெயரில் விற்கப்படும் மூட்டு ஊட்டங்களில் பெரும்பாலும் காணப்படுபவை குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் என்னும் இரண்டு பொருள்கள். குருத்தெலும்பில் இயல்பாகவே உள்ளவை இவை. அதனால் இவற்றை உண்டால் குருத்தெலும்பு வளரும் என்ற எண்ணம் பரவியது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும், ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 35 நாய்களுக்கு இவ்வூட்டமோ ஒரு வலிநீக்கி மருந்தோ கொடுத்துப் பார்த்தனர். ஊட்டம் பெற்ற நாய்கள் 70ஆம் நாளில் ஓரளவு நலம் பெற்றதாக மருத்துவர்கள் மதிப்பிட்டனர். ஆனால் மருந்தற்ற வெறும் மாத்திரை பெற்ற குழு ஒன்று அதில் இல்லை. பின்னர் 2022இல், நாய்களிலும் பூனைகளிலும் நடந்த 72 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து மதிப்பிட்டனர். ஒமேகா-3 கொழுப்பு அமிலம் செறிந்த உணவுகளுக்கு வலி தணிக்கும் பயன் தெரிந்தது. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் இரண்டுக்கும் அத்தகைய பயன் தெரியவில்லை.

அப்படியானால், 'எங்கள் நாய் இந்த மாத்திரையால் நடந்தது' என்று பலர் சொல்வது பொய்யா? பொய் அன்று, கண்ணின் மயக்கம். மூட்டு நோய் ஏறியும் இறங்கியும் வரும். வலி மிகுந்த நாளில் மாத்திரை தொடங்கப்படுகிறது. அதன்பின் வலி தானே இறங்கினாலும் புகழ் மாத்திரைக்குப் போகிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. மருந்தற்ற மாத்திரை பெற்ற 58 நாய்களின் நடையை உரிமையாளர் சொல்லாலும், கால் ஊன்றும் விசையை அளக்கும் தட்டாலும் மதிப்பிட்டனர். தட்டு எந்த மாற்றத்தையும் காட்டாதபோதும், பாதிக்கும் மேற்பட்ட வேளைகளில் உரிமையாளர்கள் நலம் கண்டதாகக் கூறினர். பயிற்சி பெற்ற மருத்துவர்களும் இம்மயக்கத்திற்குத் தப்பவில்லை. அன்பு மிகுந்த கண் தான் விரும்புவதையே காண்கிறது. ஆனால் வலி நாயினுடையது. உரிமையாளரின் மனம் ஆறினாலும் நாயின் மூட்டு ஆறுவதில்லை.

சிராவக இல்லத்தார் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இப்புட்டிகளில் உண்டு. கடையில் கிடைக்கும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கப்படுவது. சில புட்டிகளில் கோழியின் மார்புக் குருத்தெலும்பும், நியூசிலாந்துக் கடலின் பச்சை உதட்டுச் சிப்பியும் சேர்கின்றன. மாத்திரையின் மேலுறைகூட விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வந்த ஜெலட்டினாக இருக்கலாம். ஓர் உயிருக்கு இரங்கி வாங்கும் பொருளில் வேறு பல உயிர்களின் உடல் அடங்கியிருப்பதைப் பலர் அறிவதில்லை. சோளத்தைக் கொண்டு பூஞ்சையின் வழியாகத் தயாரிக்கும் குளுக்கோசமைனும் உண்டு. அதை வேண்டுவோர் சிட்டையைப் படித்து வாங்கலாம். ஆனால் பயனே ஐயத்திற்குரியதாக இருக்கும்போது, தூய்மையான வகையைத் தேடி அதிக விலை கொடுப்பதைவிட அப்பணத்தை வேறு நல்வழியில் செலவிடுவது மேல்.

ஒமேகா-3 அமிலங்களின் நிலை வேறு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 18 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த, மூட்டு நோயுற்ற 127 நாய்களுக்கு ஆறு மாதம் இவ்வமிலம் மிகுந்த உணவை அளித்தனர். படுத்த நிலையிலிருந்து எழுதலும் நடத்தலும் விளையாடலும் மேம்பட்டன. அதே ஆண்டின் மற்றோர் ஆய்வில் 131 நாய்கள் இடம்பெற்றன. இவ்வுணவு பெற்ற நாய்களுக்கு வலிநீக்கி மருந்தின் அளவை விரைவாகக் குறைக்க முடிந்தது. மருந்து குறைந்தால் பக்கவிளைவும் செலவும் குறையும்.

இவ்வமிலங்களுள் மூட்டுக்கு உதவுபவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரண்டு. ஆய்வுகளில் பயன்பட்டது பெரும்பாலும் மீனெண்ணெய். கொல்லாமை நோற்கும் இல்லத்தில் அது எளிதில் ஏற்கத்தக்கது அன்று. இங்கே ஓர் உண்மை வழி காட்டுகிறது. இவ்வமிலங்களுக்கு மூலம் மீன் அன்று, கடலின் நுண்பாசிகளே. பாசியை உண்ட சிற்றுயிரை உண்டு மீன் அவற்றைச் சேர்க்கிறது. அந்நுண்பாசிகளைத் தொட்டிகளில் வளர்த்து நேரே எடுக்கப்படும் பாசி எண்ணெய் இப்போது கிடைக்கிறது. மீனெண்ணெயைவிட அதன் விலை கூடுதல். ஆனால் உயிர்க்கொலை இல்லை. ஆளிவிதை மலிவானது, தாவரப் பொருளே. ஆயினும் அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகையினது. அதை மூட்டுக்கு உதவும் வகையாக மாற்றும் ஆற்றல் நாயின் உடலுக்கு மிகக் குறைவு. ஆகவே ஆளிவிதை பாசி எண்ணெய்க்கு ஈடாகாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டு நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் அளவு, 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,300 மில்லிகிராம் இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்தது. இது பாதுகாப்பின் மேல் எல்லைக்கு அருகில் உள்ள அளவு. மனிதருக்கென விற்கப்படும் சாதாரண மீனெண்ணெய் மாத்திரையில் இவ்விரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம் அளவே இருக்கும். புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள '1,000 மி.கி.' என்பது மொத்த எண்ணெயின் எடை. மருந்தின் எடை அன்று. பின்பக்கச் சிட்டையில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. எவ்வளவு என்று பார்த்து, ஒரு நாள் அளவுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு வாங்குவதே சிக்கனம். விலை குறைந்த புட்டி, கணக்குப் பார்த்தால் விலை கூடியதாக இருப்பதுண்டு. சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும்; திடீரெனக் கூட்டினால் வயிறு கழியும். எவ்வளவு வரை செல்லலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மஞ்சளும் பரங்கிச் சாம்பிராணியும் வீட்டு வைத்தியத்தில் மதிப்புப் பெற்றவை. பரங்கிச் சாம்பிராணி மரத்தின் பிசினைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஆறு வாரம் நாய்களுக்கு அளித்து 2004இல் முடிவை வெளியிட்டனர். 24 நாய்களுள் பத்துக்கு ஏழு என்ற அளவில் நலம் கண்டனர். எனினும் ஒப்பிட வேறு குழு இல்லாததால் அதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. மஞ்சளின் சாரத்தை 61 நாய்களில் சோதித்தபோது மருத்துவர் கண்ணுக்கு நலம் தெரிந்தது, விசைத்தட்டில் தெரியவில்லை. சோற்றில் சிறிது மஞ்சள் சேர்ப்பதால் கேடில்லை. அதையே மருந்தாக நம்பி வலியைத் தொடரவிடுவதில்தான் கேடு.

உப்பூர்க் கரைக்குரிய ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். மண்டபம் முகாமில் பல்லாண்டுகள் தலைமையிடம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கடற்பாசியிலிருந்து மனிதரின் மூட்டு வலிக்கு ஓர் ஊட்டத்தை உருவாக்கியுள்ளது. முழுவதும் தாவரப் பொருளால் ஆனது அது. உப்பூரை அடுத்த வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் நிறைந்த கரை இது. ஆயினும் மனிதருக்கென ஆக்கிய ஊட்டத்தை நாய்க்குத் தாமாகவே கொடுக்கலாகாது. மனிதருக்கான சில மென்று தின்னும் மாத்திரைகளில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் மிகுந்த மாத்திரைகள் மூட்டுத் தேய்வுக்கு உதவுவதில்லை. மிகுந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பயன் மிகுந்ததும் செலவே இல்லாததும் ஒன்று உண்டு. அது உடல் எடை. 48 லாப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றைச் சேர்ந்த இணைகளாகப் பிரித்து, ஓர் இணையில் ஒன்றுக்கு மற்றொன்றைவிடக் கால் பங்கு குறைவாக உணவளித்து, அவற்றின் ஆயுள் முழுவதும் கவனித்தனர். 2002இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டு நோய்க்கு மருத்துவம் தேவைப்பட்ட வயது மற்றவற்றுக்கு 10.3, குறைவாக உண்டவற்றுக்கு 13.3. எந்தப் புட்டியும் வலியற்ற மூன்று ஆண்டுகளைத் தருவதாக மெய்ப்பித்ததில்லை. முன்பே பருத்த நாய்க்கும் காலம் கடந்துவிடவில்லை. எடையில் 6 விழுக்காடு குறைந்ததுமே நொண்டல் குறைவதை 2010இல் மற்றோர் ஆய்வு காட்டியது. 20 கிலோ நாய்க்கு அது 1.2 கிலோ மட்டுமே.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அஹிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள் கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் ஆகியவற்றோடு, உணவையும் நீரையும் மறுத்தலும் ஒன்று. நாயின் உணவைக் குறைப்பது அக்குற்றம் ஆகாதா? வயிறு நிரம்பும் முன் எழுவதை மனிதன் தானே தேர்ந்து தவமாகக் கொள்கிறான். நாய்க்கு அத்தேர்வு இல்லை. ஆதலால் நாயைப் பட்டினியிடுதல் கூடாது. ஆனால் தேய்ந்த மூட்டின்மேல் ஐந்து கிலோ கொழுப்பைச் சுமக்க வைப்பதும் அதே பட்டியலில் உள்ள குற்றமே; அது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல். இரு குற்றங்களுக்கும் நடுவே உள்ள வழி, நேரம் தவறாமல், அளந்து, சத்துள்ளதைக் கொடுத்தல். நெய்யும் இனிப்பும் பிஸ்கட்டும் நீங்க வேண்டும். வாரத்திற்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் போதும். மருந்துக் கடை எடைப்பொறியில் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் நின்றால் கழித்து வருவது நாயின் எடை. விலாவைத் தடவும்போது அழுத்தாமலே எலும்பு கைக்குத் தென்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும்.

உப்பூர்க் கரையின் மெலிந்த நாய்க்கு இதற்கு நேர்மாறானது தேவை. அதன் குறை கொழுப்பன்று, தசை. வெறும் சோற்றுக்குப் பதிலாக வேகவைத்த பருப்பும் தயிரும் கலந்த சோறு அதற்கு வலுவூட்டும். இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதி அணுக்களைச் சிதைப்பவை. இவ்விரண்டையும் விலக்கிய சமண இல்லத்துச் சோறு, அவ்வகையில் நாய்க்கு நல்ல உணவே. ஆனால் பாயசத்திலும் கேசரியிலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்திற்குக் கேடு. பண்டிகை நாளில் இதை மறக்கலாகாது.

எடைக்கு அடுத்தது நடை. வலிக்கிறது என்று நாயை முழுதும் கட்டிப்போட்டால் தசை வற்றி நோய் முற்றும். நீண்ட ஒரே நடையைவிட, சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று முறை சமமான மண்ணில் நடத்தல் நல்லது. நகரங்களில் நீருக்குள் நடக்கவைக்கும் சிகிச்சைக்குப் பெரும் பொருள் செலவாகிறது. நீர் இடுப்பு மூட்டின் உயரத்திற்கு நிற்கும்போது கால்களில் விழும் பாரம் உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது என்பதே அதன் பயன். பாக் நீரிணையின் கரை ஆழமற்றது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் நீங்கலாக அமைதியானதும்கூட. வெயில் ஏறும் முன், நல்ல நீர் குடித்த நாயை ஐந்து அல்லது பத்து நிமிடம் ஆழமற்ற கடலில் நடத்தி, பின் உப்பு நீங்க நன்னீரால் கழுவித் துடைத்தால், நகரத்தார் விலை கொடுத்துப் பெறுவது உப்பூரில் விலையின்றிக் கிடைக்கும். வழுக்கும் தரையில் பழைய சாக்கு அல்லது கயிற்றுப்பாய், படுக்க ஈரமற்ற தடித்த விரிப்பு, வெட்டிய நகம், எழ முடியாத நாய்க்கு வயிற்றின் கீழே கொடுத்துத் தாங்க ஒரு துண்டு. இவையும் மருந்தே.

வலி மிகுந்தபோது வலிநீக்கி தேவைப்படும். அதை மறுப்பது கருணை ஆகாது. ஆனால் இங்கேதான் மிகப் பெரிய ஆபத்தும் உள்ளது. மனிதருக்கான ஐபுப்ரூஃபெனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் வயிற்றில் குருதிக் கசிவை உண்டாக்கும்; சிறுநீரகத்தை அழிக்கும். கால்நடைக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் உடல் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளைப் பெருமளவில் கொன்றதால், 2006இல் கால்நடை மருத்துவத்தில் அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஒரு மாத்திரை எத்தனை உயிர்களைத் தொடும் என்பதற்கு அதுவே சான்று. நாய்க்கு மருத்துவர் பெரும்பாலும் எழுதிக் கொடுக்கும் மெலாக்சிகாம் மலிவானது. ஆனால் 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குரிய தொடர் அளவு 1.5 மில்லிகிராம் மட்டுமே. மனிதருக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். முழு மாத்திரை ஒன்று ஐந்து மடங்கோ பத்து மடங்கோ ஆகிவிடும். எனவே அளவும் நாளும் மருத்துவரின் சொல்லுக்கு உட்பட்டவை. வாந்தி, கறுத்த மலம், உணவு மறுத்தல் கண்டால் மருந்தை நிறுத்தி உடனே அவரிடம் செல்ல வேண்டும்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே தொடங்குதல் நல்லது. தொடங்கும் நாளில் நாய் எழுவதையும் நடப்பதையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்து, எட்டு வாரம் கழித்து அதே இடத்தில் அதே நேரத்தில் மீண்டும் பிடித்து ஒப்பிட்டால், அன்பு மிகுந்த கண்ணின் மயக்கம் ஓரளவு விலகும். மாற்றம் இல்லையேல் அப்புட்டியை நிறுத்தி, அப்பணத்தை மருத்துவருக்கும் நல்ல உணவுக்கும் செலவிடலாம்.

அறக்கட்டளைகளும் இதே வரிசையைப் பின்பற்றலாம். நூறு புட்டிகளை வாங்கி வழங்குவது படத்துக்கு அழகு. ஆனால் ஆண்டுக்கு இருமுறை ஒரு கால்நடை மருத்துவரைக் கரையோரச் சிற்றூருக்கு அழைத்துச் சென்று, முதிய நாய்களின் பாதத்தையும் மூட்டையும் பார்க்கச் செய்து, உண்ணிக்கும் வலிக்கும் உரிய மருந்தை அளிப்பது அதைவிடப் பல மடங்கு பயன் தரும். ஓர் எடைப்பொறியும் சில சாக்கு விரிப்புகளும் மருத்துவரின் பயணச் செலவும் போதும். தமிழில் ஒரு பக்க அறிவுரைத் தாள் அச்சிட்டு, மனிதருக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்க வேண்டா என்று மருந்துக் கடைகளில் ஒட்டினால், மருந்தைத் தடுப்பதும் ஒரு மருந்துக்கொடை ஆகும்.

சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் துறக்கும் நாய் ஒன்றின் அருகே சீவகன் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. அரசகுமரனாகிய சீவகன் தெரு நாய்க்குத் தன் நேரத்தைக் கொடுத்தான் என்பது அக்கதையில் கவனிக்கத்தக்கது. முதிய நாய்க்கு மனிதன் கொடுக்கத்தக்கவற்றுள் விலை மதிப்பற்றதும் விலையற்றதும் அந்த நேரமே. பாதத்தைப் பிரித்துப் பார்க்கும் ஐந்து நிமிடம், அளந்து உணவிடும் ஐந்து நிமிடம், மெல்ல உடன் நடக்கும் பத்து நிமிடம் கொடுத்தபின் தேவைப்பட்டால் புட்டியைப் பற்றி எண்ணலாம்.

 எல்லா உயிரும் துன்பம் நீங்கி வாழ்க.